உள்பக்கம் கட்டிய காப்பு

எங்கள் முதியோர் இல்லத்தின் வரவேற்பறைச் சுவரில் என் படம் மூன்று மாதம் தொங்கியது. கீழே, 'இந்தக் காலாண்டின் அமைதிப் பணியாளர்: மோனிஷா' என்று கொட்டை எழுத்து. படத்தில் நான் இரண்டு கைகளாலும் சாப்பாட்டுத் தட்டை ஏந்திக்கொண்டு பல்லைக் காட்டுகிறேன். உள்ளங்கை மேலே பார்த்திருப்பதால் இடது மணிக்கட்டில் காப்பு பளிச்சென்று தெரியும். மேலாளர் அந்தப் படத்தைத் தினமும் பார்த்தார். ஆய்வுக்கு வந்த அதிகாரிகள் பார்த்தார்கள். நானோ போகும்போது ஒரு தரம், வரும்போது ஒரு தரம் பார்த்தேன். அதிலிருந்த தப்பு ஒருவர் கண்ணிலும் படவில்லை.

இது 2061. எங்கள் இல்லம் கோயம்புத்தூருக்கு மேற்கே, மலை தெரிகிற தூரத்தில் இருக்கிறது. இங்கே தாத்தாக்களின் பெயர் நந்தகுமார், சதீஷ்பாபு, தினேஷ் என்று இருக்கும். பார்த்துக்கொள்கிற பிள்ளைகளின் பெயர் இனியன், ஆதிரன், யாழினி என்று இருக்கும். நான் இரண்டுக்கும் நடுவில். வயது நாற்பத்தாறு. அதில் இருபத்து நான்கு வருடம் இந்த வேலை.

வெளியாட்கள் இதைப் புண்ணியம் என்பார்கள். புண்ணியம்தான், ஆனால் இடுப்பைப் பிடிக்கிற புண்ணியம். காலை ஆறு மணிக்குக் கிண்ணம் கிண்ணமாகப் பல் செட்டு கழுவி, ஆளுக்கு ஆள் மாறாமல் மாட்ட வேண்டும். படுத்த படுக்கையாக இருப்பவர்களை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் புரட்ட வேண்டும். அலமாரியில் ஒளித்து வைத்த பழைய இட்லியை அவர்களுக்குத் தெரியாமல் எடுக்க வேண்டும், தெரிந்தால் திருடி என்று கத்துவார்கள். தூக்குவதற்கு ஓர் இயந்திரம் உண்டு. கொம்பன் என்று பெயர் வைத்திருக்கிறோம். பாதி நாள் அது சார்ஜ் ஏறிக்கொண்டு மூலையில் நிற்கும், தூக்குவது நாங்கள்தான்.

இந்த லட்சணத்தில் போன வருடம் தை மாதம் காப்பு வந்து சேர்ந்தது. மேலாளர் ஆதிரன் எங்களை வரிசையாக உட்கார வைத்து விளக்கினார். முப்பத்திரண்டு வயதுப் பையன், நல்ல பையன், எதைச் சொன்னாலும் திரையில் படம் போட்டுத்தான் சொல்வார்.

"இனிமே ஒருத்தருக்கு ஒருத்தர். அவங்க கையில ஒரு பட்டை ஒட்டிருவோம். உங்க கையில இந்தக் காப்பு. அவங்களுக்குப் பசிச்சா உங்களுக்குப் பசிக்கும். வலிச்சா வலிக்கும். பேச முடியாதவங்க, மறந்து போறவங்க, யாரும் இனிமே வாயைத் திறந்து கேக்க வேண்டியதில்ல."

"அவங்களுக்கு ஒண்ணுக்கு வந்தா?" என்று கேட்டேன்.

"உங்களுக்கும் வர்ற மாதிரி இருக்கும்க்கா."

"மாதிரிதானா, வந்தே போயிருமா?"

ஆதிரன் அடுத்த படத்துக்குப் போய்விட்டார். முதல் வாரம் பணியாளர் கழிப்பறை வாசலில் நின்ற வரிசை என் கேள்விக்குப் பதில் சொன்னது. ஒரு பெண் தனக்கு ஒதுக்கிய பாட்டியின் ஏப்பத்தையும் சேர்த்து விட்டுக்கொண்டு திரிந்தாள். இன்னொருத்தி மூட்டுவலியில் கைப்பிடிச் சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்தாள். அவளுக்கு வயது இருபத்தாறு.

எனக்கு மட்டும் ஒன்றுமே இல்லை. கல் மாதிரி இருந்தேன். அதற்கு நான் கண்டுபிடித்த காரணம் என் அனுபவம். நான் பார்த்துக்கொள்கிற ஆளுக்கு ஒரு குறையும் வைப்பதில்லை, அதனால் அவர் உடம்பில் ஒரு முனகல்கூட இல்லை. எல்லாரிடமும் அப்படித்தான் சொன்னேன். அவர்களும் நம்பி விருது கொடுத்தார்கள்.

காப்பை நான் கட்டுகிற விதத்தையும் சொல்ல வேண்டும். அதில் கட்டை விரல் நகம் அளவுக்கு ஒரு வில்லை இருக்கும், அதில் மணியும் தெரியும். சின்னப் பிள்ளைகள் கைக்கடிகாரமே கட்டிப் பழகாதவர்கள். வில்லை வெளியே தெரியும்படி மாட்டிக்கொண்டார்கள். நான் கடிகாரம் கட்டிப் பழகியவள். எங்கள் வீட்டுப் பெண்கள் எல்லாருமே முகப்பை உள்பக்கம் திருப்பித்தான் கட்டுவோம். அழகுக்கு மட்டுமில்லை, இரண்டு கையிலும் தட்டையோ பெட்பேனையோ ஏந்திக்கொண்டு போகும்போது மணி தெரிய வேண்டுமென்றால் அதுதான் வழி. பயிற்சியில் மணிக்கட்டில் கட்டு என்றார்கள். எந்தப் பக்கம் என்று யாரும் சொல்லவில்லை.

எனக்கு ஒதுக்கப்பட்டவர் நந்தகுமார் ஐயா. எண்பத்திரண்டு வயது. பம்ப்செட் கம்பெனியில் முப்பத்தைந்து வருடம் மோட்டார் சோதனை செய்தவர். ஓடுகிற மோட்டார்மேல் கையை வைத்தே என்ன கோளாறு என்று சொல்லிவிடுவார். சாயங்காலம் தோட்டத்துக்குப் பின்னாலிருக்கிற பம்ப் அறைக்குப் போய், எங்கள் போர் மோட்டாரைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தால்தான் அவருக்கு அன்றைய நாள் முடியும்.

காப்பு வந்த மூன்றாம் நாள் என்னைக் கூப்பிட்டார். "அம்மிணி, இது ரிவர்ஸ்ல ஓடுது."

"எதுங்கய்யா, போர் மோட்டாருங்களா?"

"உன்ற கையில இருக்கறதுதான். மூணு ஃபேஸ்ல ரெண்டு ஒயரை மாத்திக் கட்டிட்டா மோட்டார் எதிர்ப்பக்கம் சுத்தும். சத்தமெல்லாம் நல்லாத்தான் வரும். தண்ணி மட்டும் மேல வராது. அப்படித்தான் ஓடுது இது."

"சரிங்கய்யா, பாத்துக்கலாமுங்க" என்றேன். பிறகு தினக்குறிப்பில் சொன்னேன்: 'பழைய வேலை நினைவில் இருக்கிறார். காப்பை மோட்டார் என்கிறார்.'

தினக்குறிப்பு என்பது நாங்கள் கையடக்கத் திரையில் வாயால் சொல்வது. கணினி அதைக் கேட்டு, சாதாரணம், விசித்திரம் என்று பிரித்து வைக்கும். அதன்பின் நந்தகுமார் ஐயாவின் கணக்கில் விசித்திரங்கள் குவிய ஆரம்பித்தன. நான்தான் குவித்தேன்.

காலை எட்டரைக்கு அவருக்கு இட்லி கொண்டுபோவேன். என் வயிற்றில் அதுவரை ஒரு தேநீர் மட்டும் இருக்கும். அவர் தட்டை என் பக்கம் தள்ளுவார். "முதல்ல நீ ரெண்டு சாப்பிடு. நீ சாப்பிடாம எனக்கு எத்தன போட்டாலும் அடங்காது." நான் குறிப்பு சொன்னேன்: 'உணவில் விஷம் இருப்பதாகச் சந்தேகப்படுகிறார். பணியாளரை முதலில் சாப்பிட வைத்துப் பார்க்கிறார்.'

மத்தியானம் நான் ஓட்டமும் நடையுமாக இருக்கும்போது கையைப் பிடித்து நிறுத்துவார். "சித்த உக்காரு கண்ணு. என்ற முட்டி தாங்கல." அவர் உட்கார்ந்துகொண்டுதான் இருப்பார். 'தான் நிற்பதாக நினைத்துக்கொள்கிறார்.'

மார்கழிக் குளிரில் நெற்றியெல்லாம் வியர்த்து, மின்விசிறியைப் போடச் சொன்னார். எனக்கும் அப்போது புழுங்கியது. என் வயதில் எல்லாப் பெண்களுக்கும் திடீர் திடீரென்று புழுங்கும், அதனால் அதை நான் ஒரு பொருட்டாக எடுக்கவில்லை. அவருடையதை மட்டும் எழுதினேன்.

ஒருநாள் படுக்கை விரிப்பு மாற்றிக்கொண்டிருந்தபோது, "போயி ஒண்ணுக்குப் போயிட்டு வா, அம்மிணி. ரெண்டு மணி நேரமா அடக்கிக்கிட்டு இருக்கற, உனக்கே நல்லா இருக்குதா?" என்றார். எனக்கு முகம் சிவந்துவிட்டது. 'பெண் பணியாளரிடம் தகாத பேச்சு.'

பூரி போட்ட அன்று அவர் செய்தது உச்சம். தன் தட்டை ஒதுக்கி வைத்துவிட்டார், என் தட்டையும் பிடுங்கிக்கொண்டார். "எண்ணெய் வேண்டாம். தின்னா வலது வெலாவுக்குக் கீழ கத்தி போட்டுச் சுத்துது. சாமி சத்தியமாத் தாங்க முடியல." அந்த வலிக்காக அவரை மூன்று முறை ஸ்கேன் எடுத்தார்கள். மூன்று முறையும் உள்ளே எல்லாம் சுத்தமாக இருந்தது. 'பொய் வலி. பூரியைக் கண்டு பயப்படுகிறார்.'

எனக்கும் அந்த இடத்தில் அவ்வப்போது பிடிக்கும். கேஸ் என்று சோடா குடித்துவிட்டு வேலையைப் பார்ப்பேன். வலியைக் காட்டிக்கொண்டு உட்கார எனக்கு எங்கே நேரம்?

இருபத்தெட்டு நாளில் ஏழு விசித்திரம் சேர்ந்தால் கணினி தானாகப் பரிந்துரை செய்துவிடும். மார்கழியில் அந்தக் கணக்கும் நிறைந்தது: 'நந்தகுமார், மறதிப் பிரிவுக்கு மாற்றலாம்.' கனடாவிலிருந்து அவர் மகள் அழுதுகொண்டே ஒப்புதல் அனுப்பினாள். வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்குக் குழு கூடி முடிவு செய்யும் என்றார்கள்.

மறதிப் பிரிவு மூன்றாவது மாடி. கதவுக்கு எண் பூட்டு. அங்கே போனவர்கள் தோட்டத்துக்கு இறங்குவதில்லை. பம்ப் அறைக்கு யார் அவரைக் கூட்டிப் போவார்கள்? எனக்குச் சங்கடமாகத்தான் இருந்தது. ஆனால் உள்ளதைத்தானே எழுதினேன் என்று மனசைச் சமாதானம் செய்துகொண்டேன்.

வியாழக்கிழமை காலை காப்புகளின் வருடாந்திரச் சோதனைக்கு ஷர்மிளா பானு வந்தாள். கம்பெனியின் பழுது பார்ப்பவள், என் வயதுக்காரி, இடுப்பில் கருவிப் பையோடு ஸ்கூட்டரில் வருவாள். என் கையைப் பிடித்தவள் அப்படியே நின்றாள்.

"என்னக்கா இது, எப்பவும் இப்படித்தான் கட்டுவீங்களா?"

"ஏன், கடிகாரத்தை இப்படித்தானே கட்டுவாங்க?"

"இது கடிகாரமாக்கா? வில்லை வெளிய இருந்தா அவங்களது உங்களுக்கு வரும். உள்பக்கம் நரம்புமேல உக்காந்துச்சுன்னா உங்களது அவங்களுக்குப் போகும். நாங்க சோதிச்சுப் பாக்கறதுக்காக வெச்சிருக்கற வழி அது. புத்தகத்துல போட்டிருக்குதே, நாப்பத்தி மூணாம் பக்கம்."

"எதெது போகும்?"

"பசி, வலி, சூடு, வயித்து உப்புசம், ஒண்ணுக்கு. உள்ள நடக்கறது அத்தனையும்."

நான் கட்டில் விளிம்பில் உட்கார்ந்துவிட்டேன். இட்லி, முட்டி, மின்விசிறி, பூரி என்று ஒவ்வொன்றாக வந்து என் தலையில் குட்டியது.

"எத்தனை நாளா இப்படி இருக்கு?" என்று பானு கேட்டாள்.

"பதினோரு மாசம்."

"யா அல்லா! அந்தப் பெரியவர் பாவம்க்கா" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "வெளிய சொல்லிராதீங்க. தப்பாக் கட்டினா உரிமத்தை ஆறு மாசம் நிறுத்தி வெச்சிருவாங்க. நான் எழுதல, நீங்க சத்தமில்லாமத் திருப்பிக் கட்டிக்குங்க."

நான் திருப்பிக் கட்டவில்லை. காப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு நேராக ஐயாவின் அறைக்குப் போனேன். அவர் சன்னல் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார்.

"ஏனுங்கய்யா, உங்களுக்கு எல்லாந் தெரியுமுங்களா?"

அவர் என் கையையும் காப்பையும் பார்த்தார். "மூணாம் நாளே சொன்னனே. நீ எழுதிக்கிட்ட."

"உங்க அலமாரியிலருந்து நான் திருட்டுத்தனமா எடுத்துத் தின்ன மைசூர்பாகு?"

"என்ற மக அனுப்புனதுல ஆறு துண்டு. நீ தின்ன, நான் மத்தியானச் சாப்பாடே சாப்பிடல. வயிறு கம்முனு இருந்துச்சு."

வெட்கத்தில் எனக்குப் பூமி பிளந்தால் தேவலாம் போலிருந்தது. கோபமும் வந்தது. "ஒருக்காச் சொல்லி நான் கேக்கலைன்னா, மறுக்காச் சொல்லக் கூடாதுங்களா? கத்தியிருக்கலாமில்லீங்க?"

"கத்துனா அதையும் எழுதுவ." சிரித்தார். "எட்டு வருசமா எல்லாரும் என்னையக் கவனிக்கறீங்க, அம்மிணி. குளிச்சாச்சா, தின்னாச்சா, வெளிக்குப் போயாச்சான்னு. நான் கவனிக்கறதுக்கு எனக்கு ஒண்ணுமே இல்ல. இது வந்த பொறவு, காலைல ஆறு மணிக்கு உன்ற முட்டி உள்ள வரும். சரி, ஆளு வந்தாச்சுன்னு எந்திரிச்சு உக்காருவேன். நீ திருப்பிக் கட்டிட்டயின்னா, உன்ற வலி உனக்கு மட்டுந்தான் தெரியும். நீதான் அதைக் கேஸுன்னு சோடா குடிக்கற ஆளாச்சே."

"நாளைக்குக் குழுவுல சொல்லிர்றனுங்க."

"வாயத் தொறக்காத. உன்ற வேலை போயிரும். எனக்கென்ன, மூணாவது மாடில காத்து நல்லா வரும்."

"மோட்டாரு?"

அவர் சன்னல் கட்டையில் உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை நான்கு மணிக்குக் காப்பை உள்பக்கமாகவே கட்டிக்கொண்டு குழுவின் முன்னால் போய் நின்றேன். ஆதிரனும் டாக்டர் யாழினியும் உட்கார்ந்திருந்தார்கள், எதிரே நந்தகுமார் ஐயா. எல்லாவற்றையும் சொன்னேன், மைசூர்பாகு உட்பட. ஐயா தலையில் அடித்துக்கொண்டார்.

ஆதிரன் நம்பவில்லை. "அக்கா, உங்களுக்கு அவர்மேல பாசம், அதனால சொல்றீங்க. நீங்க அமைதிப் பணியாளர். உங்க படம் சுவத்துல இருக்கு. நீங்களே தப்பாக் கட்டினீங்கன்னா அந்த விருதை நான் என்ன பண்றது?"

"எடுத்துக் கொம்பனுக்குக் குடுங்க" என்றேன்.

டாக்டர் யாழினிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இதுல சண்டை எதுக்கு? சோதிச்சுப் பாத்துரலாம். நீங்க சமையல்கட்டுக்குப் போயி ஏதாவது பண்ணுங்க. இவர் இங்க உக்காந்துக்கிட்டே என்னன்னு சொல்லட்டும்."

அன்று சிற்றுண்டிக்கு மிளகாய் பஜ்ஜி. அப்போதுதான் எண்ணெயிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒன்றை எடுத்து முழுதாகக் கடித்தேன். காதுக்குள் புகை வந்தது. ஒன்றோடு விட்டால் தற்செயல் என்பார்கள் என்று இன்னொன்று. அப்புறம் மூன்றாவது. ஒரு நல்ல மனுஷரின் சுதந்திரம் இதில் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டே தின்றேன்.

மேலே குழு அறையில் நடந்ததை ஆதிரன் பின்னால் சொன்னார். ஐயா திடீரென்று நாக்கை வெளியே நீட்டிக்கொண்டு மேசையைத் தட்டினாராம். "மொளகா! தண்ணி குடுங்க. ஒண்ணு போதும்னு சொல்லுங்க அவகிட்ட. ஐயோ, ரெண்டாவதையும் எடுத்துட்டா. பாவி, மூணாவது!" ஆதிரன் வாயைப் பிளந்துகொண்டு சமையல்கட்டுக்குப் பேசி எண்ணிக்கையைக் கேட்டாராம். மூன்று சரியாக இருந்தது.

அத்தோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். மூன்று பஜ்ஜியின் எண்ணெய் உள்ளே போய், என் வலது விலாவுக்குக் கீழே அந்தக் கத்தி சுழல ஆரம்பித்தது. இந்த முறை சோடாவுக்குக்கூட நகர முடியவில்லை. அடுப்படித் தரையில் மடங்கி உட்கார்ந்தேன். கண் இருட்டியது.

மேலே ஐயாவும் மடங்கிவிட்டார். டாக்டர் ஓடிப் போய் அவர் வயிற்றை அங்கே இங்கே அமுக்கிப் பார்த்தாராம். பல்லைக் கடித்துக்கொண்டு அவர் கத்தியதை மூன்று மாடியும் கேட்டது.

"என்ற வயித்த ஏனம்மா அமுக்கற? வலி இங்க இல்ல. சமையல்கட்டுக்கு ஓடு!"

பித்தப்பையில் கல். ஒன்றில்லை, ஏழு. அன்றே ஆஸ்பத்திரியில் சேர்த்து எடுத்துவிட்டார்கள். இன்னும் ஒரு வாரம் சோடா குடித்திருந்தால் உள்ளேயே சீழ் வைத்திருக்கும் என்று அங்கே சொன்னார்கள். எனக்கு மயக்க மருந்தைப் பற்றிப் பயமில்லை. காப்பைக் கழற்றியாகிவிட்டதா, அவருக்கு வலிக்காதே என்று மட்டும் இரண்டு முறை கேட்டேனாம்.

நந்தகுமார் ஐயா கீழ்த்தளத்திலேயே இருந்தார். என் விசித்திரக் குறிப்புகள் எல்லாவற்றையும் அழித்துவிட்டார்கள். குறிப்புகளைப் பிரிக்கிற கணினியில் ஒரு புது விதி சேர்த்தார்கள்: விசித்திரம் என்று போடுவதற்கு முன்னால், சொன்னவரிடமே ஏன் என்று ஒரு முறை கேட்க வேண்டும். இதைக் கண்டுபிடிக்க அறிவியல் இத்தனை வருடம் எடுத்துக்கொண்டது.

என் உரிமத்தை ஆறு மாதத்துக்குப் பதில் இரண்டு மாதம் நிறுத்தினார்கள். எப்படியும் தையல் ஆற வீட்டில்தானே கிடந்தேன்.

திரும்பி வந்த அன்று வரவேற்பறையில் முதலில் சுவரைப் பார்த்தேன். படத்தை எடுத்திருப்பார்கள் என்று நினைத்தேன். எடுக்கவில்லை, பெரிதாக்கியிருந்தார்கள். அதே சிரிப்பு, அதே தட்டு. என் மணிக்கட்டின்மேல் சிவப்பில் ஒரு பெருக்கல் குறி. கீழே, 'காப்பை இப்படிக் கட்டாதீர்கள்.' மூன்று கிளைகளுக்கும் அனுப்பியிருக்கிறார்களாம். புகழ் எந்த வழியாக வந்தால் என்ன என்று தேற்றிக்கொண்டேன்.

ஆதிரன் காப்பைக் கொண்டுவந்து, வில்லை வெளியே இருக்கும்படி தன் கையாலேயே மாட்டிவிட்டார். எண்பத்திரண்டு வயது உடம்பு முதல் முறையாக எனக்குள் வரப்போகிறது. என்னென்ன வலியை வைத்துக்கொண்டு என் முட்டிவலியைப் பற்றிப் பேசினாரோ மனுஷர் என்று நினைத்துக்கொண்டே அவர் அறைப் பக்கம் நடந்தேன்.

கதவை நெருங்க நெருங்க அது வந்தது. வலியில்லை, பசி. குடலைப் பிடுங்குகிற பசி. வீட்டில் நாலு இட்லி சாப்பிட்டுவிட்டுத்தான் வந்திருந்தேன். மணியைப் பார்த்தேன், ஒன்பதரை. எட்டரைக்கே அவருக்குத் தட்டு போயிருக்க வேண்டும்.

உள்ளே ஐயா சன்னல் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். முன்னால் மேசையில் இரண்டு தட்டு மூடி வைத்திருந்தது.

"ஏனுங்கய்யா, இந்நேரம் வரைக்கும் சாப்பிடாம என்ன பண்றீங்க? எனக்கு வயித்தைக் கிள்ளுது."

அவர் தன் கையில் ஒட்டியிருந்த பட்டையைத் தடவிப் பார்த்துக்கொண்டார். "நீ சாப்பிட்டயா இல்லையான்னு இனிமே எனக்கு எப்படித் தெரியும்?"

சாப்பிட்டுவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, முதல் தட்டைத் திறந்தேன்.